தலைகீழ்க் கோட்டையில் ஒரு நாற்காலி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்து ஒன்றில், 2003ஆம் ஆண்டில், மணிக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டு வீடியோ கேம் விளையாட விடும் கடை ஒன்று இருந்தது. மூன்று தொலைக்காட்சிகள், மூன்று பிளேஸ்டேஷன்கள், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் என்று அந்தக் கடையின் மொத்தச் சொத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவற்றுள் மூன்றாவது பெட்டி மட்டும் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். பழைய பிளேஸ்டேஷன்களில் சிடியைப் படிக்கும் லென்ஸ் முன்னும் பின்னுமாக ஓடுகிற பிளாஸ்டிக் பகுதி நாள்பட நாள்பட வெப்பத்திலும் உராய்விலும் தேய்ந்து, லென்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நேராக வைத்தால் படம் திக்கித் திக்கி நின்றுபோகும். கவிழ்த்து வைத்தால் சாய்ந்த லென்ஸ் மறுபக்கம் சரிந்து, மறுபடியும் படிக்கத் தொடங்கும். புதிதாக வந்த பையன் எவனாவது அந்தப் பெட்டியை நிமிர்த்தி வைக்கப் போனால், கடைக்கார அண்ணன் இருந்த இடத்திலிருந்தே, "எலேய், அதத் தொடாத மக்கா, அது அப்படித்தான் நிக்கும்" என்று குரல் கொடுப்பார்.

அந்தக் கவிழ்ந்த பெட்டியில்தான் நான் முதன்முதலாக டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைந்தேன். விளையாட்டின் பெயர் ‘கேசில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட்’. கொனாமி நிறுவனத்தின் டோக்கியோ குழு உருவாக்கிய இந்த விளையாட்டு 1997 மார்ச்சில் ஜப்பானில் வெளியாகி, அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் எட்டிவிட்டது. இயக்கியவர் டோரு ஹாகிஹாரா. துணை இயக்குநராக இருந்துகொண்டே கதையிலும் நிரலிலும் கைவைத்தவர் கோஜி இகராஷி. வெளிறிய முகங்களும் நீண்ட கூந்தலுமாகப் பாத்திரங்களை வரைந்தவர் அயாமி கோஜிமா. இசை மிச்சிரு யமனே. முப்பரிமாணம்தான் இனி எல்லாம் என்று வீடியோ கேம் உலகமே ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் புள்ளி புள்ளியாக வரைந்த தட்டையான படங்களைக் கொண்டே ஒரு பெரிய கோட்டையைக் கட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்தக் கோட்டையின் மூலை முடுக்குகளைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆசை இன்னும் எனக்குத் தீரவில்லை.

கதை 1792இல் தொடங்குகிறது. பெல்மான்ட் குலத்து வீரன் ரிக்டர், சவுக்கைச் சுழற்றிக்கொண்டு டிராகுலாவை எதிர்த்து நிற்கிறான். இது இதற்கு முந்தைய விளையாட்டின் கடைசிச் சண்டை. அங்கே முடிந்த இடத்திலிருந்தே இங்கே தொடங்குகிறார்கள். இந்த முதல் சண்டையில் நாம் தோற்கவே முடியாது என்பதுதான் நான் அறிந்த முதல் இரகசியம். ரிக்டரின் உயிர் வற்றிப்போகும் நேரத்தில் மரியா என்ற சிறுமி தோன்றித் தன் சக்தியை அவனுக்குக் கொடுக்கிறாள். அதன்பிறகு அடி எதுவும் அவனைத் தொடாது. நாம் அந்தச் சண்டையை எப்படி நடத்தினோம் என்பதை விளையாட்டு வாய் திறக்காமல் குறித்து வைத்துக்கொள்கிறது. ஐந்தாண்டுகள் கழித்து, 1797இல், டிராகுலாவின் மகன் அலுகார்ட் கோட்டைக்குள் காலடி வைக்கும்போது அவனுடைய தொடக்க வலிமை அந்தக் குறிப்பைப் பொறுத்துச் சற்றே மாறுகிறது. இதைத் திரையில் எங்கும் எழுதிக் காட்டுவதில்லை. அலுகார்ட் என்ற பெயரே ஓர் எழுத்து விளையாட்டுதான். டிராகுலா என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னாலிருந்து படித்தால் அது வரும்.

நானும் என் கூட்டுக்காரன் ஒருவனும் காசு சேர்த்து, பள்ளி விட்ட பிறகு முறைவைத்து விளையாடினோம். விளையாட்டில் எட்டிய இடத்தைப் பதிந்து வைக்கும் மெமரி கார்டு கடைக்குப் பொதுவானது. ஒருமுறை யாரோ எங்கள் பதிவை அழித்துவிட்டார்கள். நாற்பது நாள் உழைப்பு போயிற்று. அழாமல் வீடு வந்து சேர்ந்தேன் என்று சொன்னால் அது உண்மையாகாது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, கோட்டையின் உச்சியில் அரியணையில் அமர்ந்திருந்த ரிக்டரை அடைந்தோம். முதல் காட்சியில் நாமே ஆட்டுவித்த அதே நல்லவன், இப்போது கோட்டைக்கு அதிபதியாகிக் கெட்டுப்போய் நிற்கிறான். அவனைக் கொன்றோம். உரையாடல் வந்தது, பெயர்ப் பட்டியல் ஓடியது, இசை ஒலித்தது. விளையாட்டை முடித்துவிட்டோம் என்று ஊர் முழுவதும் சொன்னோம்.

கோட்டையில் பாதிதான் முடிந்திருந்தது என்பது எனக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின.

இடையில் 2005இல் அந்தக் கடை மூடப்பட்டு, அதே இடத்தில் செல்பேசி ரீசார்ஜ் கடை வந்தது. கடைக்கார அண்ணன் சாமான்களை ஒதுக்கும்போது, கீறல் விழுந்த சிடிகளில் உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள் என்று என்னிடம் சொன்னார். நான் எடுத்தது இந்த ஒன்றை. வீட்டில் பிளேஸ்டேஷன் கிடையாது. கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்த பாட்டு செட் ஒன்று இருந்தது. அதில் மாதா பாடல்களும் பழைய சினிமாப் பாடல்களும் ஒலிக்கும். ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், இந்தச் சிடியை அதில் போட்டால் அந்தக் கோட்டையின் இசையாவது கேட்குமா என்ற ஏக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் தடத்தில் ஒன்றும் பாடவில்லை. பொத்தானை அழுத்தி இரண்டாவதற்குத் தாண்டினேன். ஆழ்ந்த ஆண்குரல் ஒன்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியது. அது அலுகார்டின் குரல்.

இது பிளேஸ்டேஷனின் கறுப்பு வட்டு என்பதை நீங்களே பார்க்கலாம், முதல் தடத்தில் கணினித் தரவு இருப்பதால் அதை ஒலிக்கவிட வேண்டாம், ஆனாலும் நான் சொல்வதை நீங்கள் கேட்கப் போவதில்லை, அப்படித்தானே என்ற பொருளில் அவன் பேசினான். பேசி முடித்ததும், விளையாட்டுக்குள் நான் எங்குமே கேட்டிராத ஓர் இசை தொடங்கியது. என் கையில் இருந்ததோ நகல் வட்டு. அதன் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னியது. அசல் பிளேஸ்டேஷன் சிடிகளின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும் என்பதே அந்தக் குரல் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தரவுத் தடத்தைப் பாட்டு செட்டில் ஓட்டினால் சில கருவிகளில் ஒலிபெருக்கியைக் கெடுக்கும் இரைச்சல் வரக்கூடும் என்பதால் அக்காலச் சிடிகளில் இப்படி எச்சரிக்கை வைப்பது உண்டு. இங்கே அந்த எச்சரிக்கையைக் கதாநாயகனின் வாயிலேயே கொடுத்து, அதற்குப் பின்னால் ஒரு பாட்டையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். விளையாட்டுப் பெட்டியே இல்லாத ஒரு வீட்டில், தவறான கருவியில் சிடியைப் போடுகிற ஒருவனுக்காகவும் யாரோ ஒருவர் ஜப்பானில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அன்று அந்தத் தடத்தை எத்தனை முறை கேட்டேன் என்று நினைவில்லை. அம்மா வந்து, "என்னலே மக்கா, இங்கிலீஷ் ஜெபமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

2009இல் நாகர்கோவிலில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, பிரௌசிங் சென்டர் ஒன்றில், நாங்கள் கண்ட முடிவு பொய் முடிவு என்று படித்தேன். அந்த நாளின் அதிர்ச்சி மெல்ல மெல்ல வியப்பாக மாறியதற்குக் காரணம், உண்மையான முடிவுக்குப் போகும் வழி எவ்வளவு நுணுக்கமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்ததுதான். அதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிச் செல்வது நல்லது.

அலுகார்ட் வௌவாலாக மாறக்கூடியவன். வௌவாலின் எதிரொலியைத் தரும் அரும்பொருள் ஒன்றைக் கண்டெடுத்தால், இருட்டில் ஒலியை அனுப்பி வழியைத் தெரிந்துகொள்ளலாம். கோட்டைக்கு அடியிலுள்ள கல்லறைச் சுரங்கத்தில் ஒரு பகுதி முழு இருட்டு; மேலும் கீழும் முட்கள். எதிரொலியைக் கொண்டு, முள்ளில் படாமல் பறந்து கடந்தால், முட்களை உடைக்கும் கவசம் கிடைக்கும். அந்தக் கவசத்தை அணிந்துகொண்டு, கோட்டையின் வழிபாட்டுக் கூடத்தில் முள் நிறைந்த இடைவழியை நொறுக்கிக்கொண்டு போனால் வெள்ளி மோதிரம் கிடைக்கும். பொன் மோதிரம் வேறு இடத்தில் இருக்கிறது. அது நிலத்தடி நீர்க்குகைகளில். அங்கே நாம் விளையாட்டைப் பதிவு செய்யும் அறை என்று நம்பி உள்ளே போகும் ஓர் அறை, உண்மையில் பொறி. அலுகார்ட் உறங்கிக் கனவு காண்கிறான். கனவில் அவன் தாய் லிசா சிலுவையில் கட்டப்பட்டு, மனிதர்களை வெறுத்துவிடு என்கிறாள். என் தாய் ஒருக்காலும் அப்படிச் சொல்ல மாட்டாள் என்று அவன் கண்டுகொள்கிற கணத்தில், தாயின் வடிவில் வந்த பேய் தன் உருவைக் காட்டுகிறது. பதிவு அறை என்பது எந்த விளையாட்டிலும் நாம் மூச்சு விடுகிற இடம். அந்த ஓர் இடத்தை ஒரே ஒரு முறை மட்டும் பொய்யாக்கி, அதையும் ஒரு மகனின் துக்கத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பேயை வீழ்த்தினால்தான் பொன் மோதிரம்.

இரண்டு மோதிரங்களிலும் எழுத்து பொறித்திருக்கிறது. ஒன்றில் பாதிச் சொற்கள், மற்றொன்றில் மீதிச் சொற்கள். சேர்த்துப் படித்தால், மணிமேடையில், அதாவது மணிக்கூண்டில், அணிந்துகொள் என்ற பொருள் வரும். கோட்டையில் மணிமேடை என்ற பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. பற்சக்கரங்களும் பறக்கும் தலைகளும் நிறைந்த இடம் அது. அங்கே அணிந்தால் ஒன்றும் நடக்காது. கோட்டையின் நட்ட நடுவில், பளிங்குக் கூடத்தில், பெரிய கடிகாரம் வைத்த அறை ஒன்றை நாம் பத்து முறையாவது கடந்து போயிருப்போம். இரண்டு மோதிரங்களையும் அணிந்து அந்த அறையில் நின்றால் தரை திறக்கிறது. கீழே, வளர்ந்து பெரியவளாகிவிட்ட மரியா காத்திருக்கிறாள். கண்ணாடி ஒன்றைத் தருகிறாள். அதை அணிந்துகொண்டு ரிக்டரின் எதிரே போய் நின்றால், அவன் தலைக்கு மேல் பச்சை நிறக் கோளம் ஒன்று மிதப்பது தெரியும். அவனை ஆட்டுவிப்பது அதுதான். அடிக்க வேண்டியது அந்தக் கோளத்தை. நானும் என் கூட்டுக்காரனும் 2003இல் அடித்துக் கொன்றவன் குற்றமற்றவன்.

கோளத்தை உடைத்தால் ரிக்டர் பிழைக்கிறான். வானத்திலிருந்து இன்னொரு கோட்டை தலைகீழாக இறங்கி வந்து நிற்கிறது. நாம் ஏறிய படிக்கட்டுகள் அங்கே கூரையில் தொங்குகின்றன. கூரையிலிருந்த விளக்குகள் தரையிலிருந்து முளைக்கின்றன. தரையில் கண்ட முட்கள் தலைக்கு மேல் நிற்கின்றன. ஒவ்வோர் அறையையும் நாம் முன்பே அறிவோம். ஆனாலும் எந்த அறைக்குள்ளும் கால் பழகவில்லை. வரைபடத்தில் நூறு விழுக்காட்டைத் தாண்டி எண் ஏறிக்கொண்டே போய், பிளேஸ்டேஷன் பதிப்பில் 200.6இல் நிற்கும். ஒரே கட்டடத்தை இரண்டு முறை பயன்படுத்தினால் வேலை மிச்சம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஒப்பவில்லை. தலைகீழாகத் திருப்பினாலும் நடந்து கடக்க முடிகிற மாதிரி ஒவ்வோர் அறையையும் முதலிலேயே வரைய வேண்டுமே, அந்த வேலையை யார் கணக்கில் சேர்ப்பது? கவிழ்ந்தால் மட்டுமே சிடியைப் படித்த அந்தத் தக்கலைப் பெட்டியில் நான் விளையாடியபோது, உள்ளே ஒரு தலைகீழ்க் கோட்டை எனக்காகக் காத்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

இந்த வழி தெரிந்த பிறகு விளையாட்டை மறுபடியும், இம்முறை அவசரமில்லாமல், கூட்டுக்காரனின் கணினியில் விளையாடினேன். அப்போதுதான், எதற்கும் உதவாத இரகசியங்கள் என் கண்ணில் படத் தொடங்கின. இந்த விளையாட்டை நான் நேசிப்பது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

அலுகார்ட் உணவை உண்ணும் விதத்தைப் பாருங்கள். மற்ற விளையாட்டுகளில் உணவுப் பொருளைத் தேர்ந்தெடுத்தவுடன் உயிர் ஏறிவிடும். இங்கே உணவைக் கையில் எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் அது முன்னால் தரையில் வந்து விழும். நடந்து போய் எடுத்துக்கொண்டால்தான் பலன். கப்பலண்டி, அதாவது நிலக்கடலை, மட்டும் வேறு வகை. அதை அவன் மேலே தூக்கிப் போடுகிறான். மேல்நோக்கிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் நின்றால் வாயால் கவ்விக்கொள்வான், தவறினால் கப்பலண்டி வீண். சங்குத்துறைக் கடற்கரையில் காகிதக் கூம்பில் கப்பலண்டி வாங்கி, ஒவ்வொன்றாக மேலே எறிந்து வாயில் பிடிக்காத பையன் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. டிராகுலாவின் மகன், கறுப்பு மேலங்கியும் வெள்ளை முடியுமாக, உலகத்தின் துயரமெல்லாம் முகத்தில் படிந்த அந்தப் பேரழகன், யாரும் பார்க்காதபோது அதையே செய்கிறான். அதில் ஏறும் உயிர் மிகக் கொஞ்சம். அதற்காக அதை யாரும் செய்வதில்லை.

உணவுப் பட்டியலும் பார்க்கத் தக்கது. கதை நடப்பது ருமேனிய மலைநாட்டில். ஆனால் கோட்டைக்குள் சூஷியும் ராமென் நூடுல்ஸும் மிசோ சூப்பும், நொதிக்க வைத்த சோயாவான நத்தோவும் கிடைக்கின்றன. செய்தவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். தொடக்கப் பகுதியிலேயே ஒரு சுவரை உடைத்தால் உள்ளே வாட்டிய இறைச்சி இருக்கும். 1986இல் வந்த முதல் கேசில்வேனியாவிலிருந்தே இந்தச் சுவர் இறைச்சி இந்தக் குடும்பத்தின் வழக்கம்.

இனி வழிபாட்டுக் கூடம். எங்கள் மாவட்டத்தில் கோத்திக் என்ற சொல்லைத் தெரியாதவர்களும் கோத்திக் கட்டடத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். கன்னியாகுமரியில் கடலோரம் வெள்ளை வெளேரென்று நிற்கும் அலங்கார உபகார மாதா ஆலயத்தின் கூர்முனைக் கோபுரங்களும் கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் எனக்கு டிராகுலாவுக்கு முன்பே பழக்கம். அதனால்தான் விளையாட்டின் வழிபாட்டுக் கூடத்துக்குள் முதலில் ஏறியபோது, மற்ற பையன்கள் பயந்தார்கள். எனக்கோ கோவிலுக்குள் செருப்போடு வந்துவிட்ட கூச்சம் வந்தது. அந்தக் கூடத்தில் ஒரு சிறிய அறையில், சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. இரண்டு பக்கமும் நாற்காலி, நடுவில் திரை. ஒரு பக்கத்தில் அலுகார்டை உட்கார வைத்தால், ஆவி வடிவில் சாமியார் வந்து மறுபக்கத்தில் அமர்கிறார். சில வேளை நல்ல சாமியார். கேட்டுவிட்டு ஆசி கொடுத்து, திராட்சைச் சாறு தந்துவிட்டு மறைகிறார். சில வேளை திரை மூடப்பட்டு, அதற்குப் பின்னாலிருந்து கூரிய ஆயுதங்கள் பாய்கின்றன. சாமியாரின் நாற்காலியில் அலுகார்டே உட்கார்ந்தால், பாவம் அறிக்கையிட ஓர் ஆவி வந்து எதிரே அமரும். அதிலும் நல்லதும் கெட்டதும் உண்டு.

ஏழெட்டு வயதில், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்று, மரப்பலகையில் முழந்தாளிட்டு, துளையிட்ட பலகைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூச்சு மட்டும் கேட்கிற அந்த நேரத்தில் எனக்குள் இருந்த நடுக்கம் இதுவேதான்: அந்தப் பக்கம் இருப்பவர் என்னோடு இரக்கமாகப் பேசுவாரா, கோபிப்பாரா என்று முன்கூட்டித் தெரியாது. அந்த நடுக்கத்தை அறிந்த யாரோ ஒருவர்தான் இந்த அறையைச் செய்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். இந்த அறைக்கு வராமலேயே விளையாட்டை முழுவதுமாக முடித்துவிடலாம்.

மேலங்கிகளில் ஒன்றின் பெயர் யோசேப்பின் அங்கி. மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டவுடன் புரிந்துவிடும்; யாக்கோபு தன் செல்ல மகனுக்குத் தைத்துக் கொடுத்த பலவருண அங்கி. விளையாட்டில் அதை அணிந்தால், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவையும் கூட்டிக் குறைத்து, மேலங்கியின் வெளிப்புறத்துக்கும் உட்புறத்துக்கும் விரும்பிய நிறம் கொடுக்கலாம். இதனால் அடி குறையாது, வலிமை கூடாது. நான் அரை மணி நேரம் செலவழித்து, மழைக்கு முன் கடல் இருக்கும் நிறத்தை அதற்குக் கொடுத்தேன்.

கோட்டையின் நூலகத்தில் முதியவர் ஒருவர் பெரிய நாற்காலியில் அமர்ந்து, டிராகுலாவின் பணியாளராக இருந்துகொண்டே டிராகுலாவின் எதிரிக்குப் பொருள் விற்கிறார். மந்திரச் சுருள்களையும் அவர் விற்பார். ஆனால் மந்திரம் என்பது திசைப் பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்துவதுதான். வரிசை தெரிந்திருந்தால் சுருளை வாங்காமலேயே மந்திரம் பலிக்கும். அவர் விற்பது அறிவை மட்டுமே. எங்கள் கடையில் மேசை இழுப்பறைக்குள் ஒரு காகிதம் இருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் அம்புக்குறிகள் வரைந்து, எந்த மந்திரத்துக்கு எது என்று யாரோ எழுதியது. அதைப் பார்க்க அண்ணன் காசு வாங்கவில்லை, நான்கு நாள் தொடர்ந்து வந்தவனுக்குத்தான் காட்டுவார். நூலகருக்குக் கீழே இருக்கும் அறைக்குப் போய், உயரத் தாவும் ஆற்றல் கிடைத்த பிறகு, அவர் நாற்காலிக்கு நேர் கீழே கூரையில் முட்டினால் அவர் மேலே துள்ளுவார். சில முறை முட்டினால் வேறு எங்கும் வாங்க முடியாத பொருள்கள் கிடைக்கும். ஒரு பெரியவரை இப்படித் தொந்தரவு செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மோதிரங்களை அணிய வேண்டிய அந்தக் கடிகார அறையிலேயே இன்னும் இரண்டு இரகசியங்கள் உண்டு. இரு பக்கமும் சிலைகள் வழியை மறைத்து நிற்கின்றன. ஒரு சிலை, கடிகாரத்தின் நிமிடக் கணக்குக்கு ஏற்பத் தானாக விலகும், தானாக மூடும். மற்றொன்று, காலத்தை நிறுத்தும் கடிகாரத்தை நாம் பயன்படுத்தினால் மட்டும் விலகும். அவசரமாகப் போகிறவனுக்கு அந்த அறை ஒரு நடைவழி. நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது இயங்குவது தெரியும்.

நின்று பார்த்தால் தெரிகிற இன்னொரு கடிகாரம் எங்கள் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. தக்கலையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூரின் தலைநகரம் 1795இல் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. அலுகார்ட் கோட்டைக்குள் நுழையும் 1797இல், எங்கள் அரண்மனை மன்னர் விட்டுப் போன வீடாக இரண்டு ஆண்டுகள் நின்றிருக்கும். பள்ளியிலிருந்து கூட்டிப் போன நாள்களில் நான் அதை வரிசையில் ஓடிக் கடந்தேன். விளையாட்டின் தலைகீழ்க் கோட்டையைக் கண்ட பிறகு, 2010இல் ஒரு வார நாளில் தனியாகப் போய் ஒரு பகல் முழுவதும் இருந்தேன். முகப்பு மண்டபத்தில் ஒரு குதிரை விளக்கு தொங்குகிறது. அதன் சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த விதத்தால், எந்தத் திசையில் திருப்பி விட்டாலும் அந்தத் திசையிலேயே நிற்கும். வழிகாட்டி திருப்பிக் காட்டினார். விளக்கு எரிவதற்கு அந்த வேலைப்பாடு தேவையே இல்லை. அதே மண்டபத்தில், சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி இருக்கிறது, உட்காரக் கூடாது. கருங்கண்ணாடி போன்ற குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்று, மணிமாளிகையின் பழைய கடிகாரத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தேன். கோட்டையை வரைந்த ஜப்பானியர்களுக்கும், அந்தச் சங்கிலியைக் கோத்த கொல்லருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இருவரும் வேலை முடிந்த பிறகும் கையை எடுக்க மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் செய்தவர்கள் என்று அன்று எனக்குத் தோன்றியது.

இகராஷி இந்த விளையாட்டைப் பற்றிப் பிற்காலத்தில் பேசும்போது, ஒரு நாளில் முடித்துத் தூக்கிப் போடாமல் நீண்ட நாள் விளையாடத் தக்கதாக இருக்க வேண்டும் என்று விரும்பியதையும், செல்டா விளையாட்டுகளைப் பார்த்துக் கற்றதையும் சொல்லியிருக்கிறார். உலகம் இதை மெட்ராய்ட் விளையாட்டோடு சேர்த்து, இந்த வகைக்கே மெட்ராய்ட்வேனியா என்று பெயர் வைத்துவிட்டது. பெயர் எதுவானாலும், பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது வரைபடத்தையும் திறவுகோல்களைக் கோத்த முறையையும்தான். கப்பலண்டியை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அதுதான் எனக்குள்ள வருத்தம்.

கோட்டையில் ஆங்காங்கே நாற்காலிகள் கிடக்கின்றன. அருகில் நின்று மேல் பொத்தானை அழுத்தினால் அலுகார்ட் உட்காருவான். அவ்வளவுதான், உயிர் ஏறாது, பொருள் கிடைக்காது. துணைக்குக் குட்டித் தேவதையை அழைத்து வைத்திருந்தால், அவன் உட்கார்ந்து சற்று நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது, அவள் பறந்து வந்து அவன் தோளில் அமர்ந்துகொள்வாள். நாம் எந்தப் பொத்தானையாவது தொட்டால் அந்தக் காட்சி கலைந்துவிடும்.

2020இல் இந்த விளையாட்டு செல்பேசிக்கும் வந்தது. அக்காள் மகன் போன விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது என் செல்பேசியில் அதை விளையாடினான். பத்து வயது; ஓர் அறையில் மூன்று வினாடி நிற்க மாட்டான். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொய் முடிவைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன், ஏதோ பொத்தான் தவறுதலாகப் பட்டு அலுகார்ட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதைக் கண்டான். "மாமா, இவன் இருந்துட்டான்" என்றான். எழுப்பட்டுமா என்று என்னைப் பார்த்தான். நான் தலையசைக்கவில்லை. அவனும் விரலை எடுத்துவிட்டான். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தேவதை ஒரு வட்டம் சுற்றி வந்து அலுகார்டின் தோளில் அமர்ந்தாள். பையன் செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் திண்ணையில் ஊன்றியபடி, திரை மங்கத் தொடங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.